எம்.எம்.540, ஜிப்ஸி, முதல் தார், சி.ஜே.3பி: மதுரைப் பக்கம் எந்தப் பழைய ஃபோர் வீல் வண்டி சரிப்படும்?

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி தேடுபவர்கள் பெரும்பாலும் நான்கு பெயர்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். மஹிந்திரா எம்.எம்.540 டீசல் ஜீப், மாருதி ஜிப்ஸி, 2010-இல் வந்த முதல் தலைமுறை தார், அப்புறம் பெட்ரோல் என்ஜின் போட்ட சி.ஜே.3பி அல்லது அதற்கும் மூத்த வில்லிஸ். நான்கிலும் உடம்பு தனி, சேசிஸ் தனி. நான்கிலும் வேண்டும்போது மட்டும் முன்சக்கரத்தையும் இழுக்கவைக்கிற லீவர் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே குடும்பம்தான். ஓட்டிப் பார்த்தால் நான்கும் நான்கு குணம்.

வண்டியைப் பார்க்கப் போகும் முன் எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

## அளவுகோல் ஒன்று: காகிதம்

எந்த மாடல் என்பதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். என்ஜின் போனால் கட்டிக்கொள்ளலாம். காகிதம் கெட்ட வண்டியை எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாது.

சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் கார் வகைக்கு இதன் மத்தியக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 10,000 ரூபாய். பசுமை வரியும், காலம் கடந்திருந்தால் தாமதக் கட்டணமும் தனி. எம்.எம்.540, சி.ஜே.3பி எல்லாமே 20 ஆண்டு தாண்டியவை என்பதால், புதுப்பித்து எத்தனை ஆண்டு பாக்கி இருக்கிறது என்பதையும் விலை பேசும்போது கணக்கில் சேர்க்க வேண்டும்.

டெல்லி வட்டாரத்தில் டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்ற கட்டுப்பாடு வந்தபின் அங்கிருந்து மலிவாக நிறைய வண்டிகள் தெற்கே வருகின்றன. என்.ஓ.சி. கைக்கு வராமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டு வரி, மறுபதிவு, லாரி வாடகை எல்லாம் சேர்த்தால் டி.என். 58, 59, 64 என்று உள்ளூர் எண்ணிலேயே இருக்கும் வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அரியானாவின் மண்டி டப்வாலியில் கட்டி வரும் பளபளப்பான ஜீப்புகளுக்கு இன்னொரு சிக்கல். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. ஒரு வண்டியின் சேசிஸ், வேறொன்றின் என்ஜின், புதுத் தகட்டில் அடித்த பாடி என்று சேர்த்த வண்டிக்கு எஃப்.சி. காட்டும்போதுதான் தலைவலி தொடங்கும்.

எண்ணைச் சரிபார்ப்பது பத்து நிமிட வேலை. சேசிஸில் எண் குத்திய இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் அச்சு விழும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். எண்ணைச் சுற்றி கிரைண்டர் கோடு, வெல்டிங் தடம், அந்த இடத்தில் மட்டும் தடித்த பெயின்ட் தென்பட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

## அளவுகோல் இரண்டு: ஓடப்போகும் தரை

திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர் பக்கம் கரிசல். மழை பெய்தால் மண் டயர் பட்டனுக்குள் அப்பிக்கொண்டு டயரை வழவழவென்று ஆக்கிவிடும். அங்கே வண்டியின் கனம்தான் எதிரி. ராமநாதபுரம் கடற்கரை மணலும் அப்படியே. 2017-இல் அரிச்சல்முனைக்கு ரோடு போடும் வரை தனுஷ்கோடி மணலில் ஆட்களை ஏற்றிப்போனவை ஃபோர் வீல் ஜீப்பும் வேனும்தான்.

மலை வேறு கணக்கு. சிறுமலையில் 18 கொண்டை ஊசி, போடிமெட்டில் 17. இவை நல்ல தார் ரோடு, ஃபோர் வீல் தேவையே இல்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கல்பாதைதான் சோதனை. அங்கே வேகம் உதவாது. குறைந்த சுற்றில் திணறாமல் இழுக்கும் என்ஜினும், இறங்கும்போது பிரேக்கை மிதிக்காமலே பிடித்துநிறுத்தும் லோ கியரும் வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டி ஏற்றுவது குற்றம். அழகர்மலை, சிறுமலை, மேகமலை எதுவும் விதிவிலக்கில்லை. ஊற்றுத் தடத்தில் ஒரு முறை ஓடிய டயரின் பள்ளம் அடுத்த மழையில் ஓடையாகிறது. கண்மாய்க் கரையும் ஓட்டுவதற்கான இடம் இல்லை. கரை உடைந்தால் கீழே இருப்பது யாரோ ஒருவருடைய வயல். சொந்த நிலம், தோட்டப் பாதை, அனுமதி வாங்கி நடத்தும் நிகழ்ச்சி, இந்த மூன்றையும் மனதில் வைத்தே வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

## அளவுகோல் மூன்று: வெயிலும் தண்ணீரும்

ஏப்ரல், மே வெயிலில் பழைய ரேடியேட்டர்கள் தோற்றுப்போகின்றன. பாதிக் காரணம் வெயில். மீதிப் பாதி, ரேடியேட்டரில் ஊற்றும் போர்வெல் தண்ணீர். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் என்ஜினுக்குள் கல்லாகப் படிந்து, வெப்பம் வெளியேறும் வழியை அடைத்துவிடும். வாங்கியவுடன் ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுத்து, காய்ச்சிவடித்த தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். நான்கு வண்டிக்கும் இது பொது.

## ஒரே பார்வையில்

| | எம்.எம்.540 | ஜிப்ஸி கிங் (எம்.பி.எஃப்.ஐ., கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வகை) | தார் சி.ஆர்.டி.இ. (காமன் ரெயில் டீசல்) | சி.ஜே.3பி |
|---|---|---|---|---|
| என்ஜின் | 2112 சி.சி. டீசல் | 1298 சி.சி. பெட்ரோல் | 2498 சி.சி. டர்போ டீசல் | சுமார் 2.2 லிட்டர் பெட்ரோல் |
| குதிரைத்திறன் | 62 | 80 | 105 | 70–75 |
| முன் சஸ்பென்ஷன் | பட்டை (லீஃப் ஸ்பிரிங்) | பட்டை | தனித்தனி, டார்ஷன் பார் | பட்டை |
| அசல் டயர் | 6.00-16 | 205/70 ஆர்15 | 235/70 ஆர்16 | 6.00-16 |
| மூன்றாம் நபர் காப்பீடு (ஆண்டுக்கு, ஜி.எஸ்.டி. தனி) | ரூ. 7,897 | ரூ. 3,416 | ரூ. 7,897 | ரூ. 7,897 |
| பொருந்தும் இடம் | தோட்டம், கல்பாதை | மணல், சேறு, ரேலி | அன்றாட ஓட்டம், நெடுஞ்சாலை | சேகரிப்பு, கண்காட்சி |
| பெரிய தொல்லை | ஹெட் கேஸ்கட், ஸ்டீயரிங் உதறல் | துரு, பெட்ரோல் செலவு | இன்ஜெக்டர் செலவு | அசல் உதிரி, போலி பாடி |

காப்பீட்டுத் தொகை 2022 ஜூன் முதல் உள்ள விகிதம். 1500 சி.சி.க்கு மேல் போனதும் இரண்டு மடங்குக்கு மேல் தாவுவதைக் கவனியுங்கள். பத்தாண்டு வைத்திருந்தால் இந்த வித்தியாசத்தில் ஒரு செட் டயர் வாங்கிவிடலாம்.

## எம்.எம்.540

இரண்டாம் உலகப் போருக்கு அமெரிக்க ராணுவம் கேட்ட சிறு வண்டியின் முதல் மாதிரியை 1940 செப்டம்பரில் பான்டம் கம்பெனி ஒப்படைத்தது. அதை வில்லிஸும் ஃபோர்டும் லட்சக்கணக்கில் செய்தன. 1947-இல் மஹிந்திரா அதே வில்லிஸை இங்கே பூட்டத் தொடங்கியது. எம்.எம்.540 அந்த வம்சம்தான், 1980-களில் பெஜோ டீசல் என்ஜினோடு வந்தது. எக்ஸ்.டி.பி. 4.90 என்ற அந்த என்ஜினின் பெயரில் உள்ள 4 சிலிண்டரின் எண்ணிக்கை, 90 சிலிண்டரின் விட்டம் மில்லிமீட்டரில்.

இதன் பலம் குறைந்த சுற்றில் இருக்கிறது. லோ கியரில் போட்டு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டால், தென்னந்தோப்பு வரப்பிலும் கல்பாதையிலும் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்துபோகும். எலெக்ட்ரானிக் எதுவும் இல்லாததால், உசிலம்பட்டியில் நின்றாலும் போடியில் நின்றாலும் ஜீப் தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஓடவைத்துவிடுவார். பழைய ஜீப் அச்சுகளையே மஹிந்திரா பல பத்தாண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தியதால் கிரவுன் பினியன், கிராஸ், பேரிங், ஆயில் சீல் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

கெடும் இடங்கள் இவை. இந்த என்ஜினில் லைனரைச் சுற்றித் தண்ணீர் நேரடியாக ஓடும். ஒரு முறை நன்றாகச் சூடேறினாலே ஹெட் வளைந்து கேஸ்கட் போய்விடும். வண்டி பார்க்கப் போகும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். நீங்கள் போகும் முன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அதுவே ஒரு தகவல். ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, தண்ணீரைப் பாருங்கள். விடாமல் குமிழி வந்தால் கம்ப்ரஷன் தண்ணீருக்குள் போகிறது. பிறகு ஆயில் மூடியைத் திறந்து அதன் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். மோர் நிறத்தில் நுரை ஒட்டினால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. மூடி திறந்த வாயில் புகை அடித்து அடித்து வந்தால் ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. இவற்றில் எது இருந்தாலும் முழு என்ஜின் வேலைக்கான பணத்தை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

அடுத்தது ஸ்டீயரிங் உதறல். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு ஆடும். பலர் உடனே ஸ்டீயரிங் டேம்பர் போட்டு மறைக்கிறார்கள். உண்மையான காரணம் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் ஆணி) பேரிங் தளர்வாக இருக்கும், இல்லையென்றால் டை ராடு முனை, ஷேக்கிள் புஷ், டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி ஒடுங்கும் அளவு). வரிசையாக இப்படிப் பாருங்கள்: முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். அப்படியே இருந்தால் கிங்பின். ஷிம் என்கிற மெல்லிய தகட்டை எடுத்து இறுக்கம் சரிசெய்து, டோ-இன்னை 1 முதல் 2 மில்லிமீட்டருக்குள் வைத்தால் பெரும்பாலான ஜீப்புகளில் உதறல் நின்றுவிடும்.

மறைந்த செலவு ஒன்று. ஜீப் என்று விற்கப்படும் பல வண்டிகள் டூ வீல் டிரைவ். கீழே குனிந்து முன் அச்சின் நடுவே டிஃபரென்ஷியல் உருண்டை இருக்கிறதா, அதற்கு புரொப்பல்லர் ஷாஃப்ட் போகிறதா என்று பாருங்கள். லீவர் மட்டும் இருந்து ஷாஃப்ட் கழற்றிவைத்த வண்டிகளும் உண்டு. மஞ்சள் போர்டில் ஓடிய மலை ஜீப் என்றால், சொந்த உபயோகத்துக்கு மாற்றிக் கொடுத்தபின் பணம் தருவதாகப் பேசுங்கள்.

யாருக்கு: தோட்டமோ மலைப்பக்கம் நிலமோ உள்ளவருக்கு, பக்கத்தில் நம்பகமான ஜீப் மெக்கானிக் உள்ளவருக்கு. தினமும் சென்னைக்கும் கோவைக்கும் நான்குவழிச் சாலையில் ஓடுபவருக்கு இது தண்டனை.

## ஜிப்ஸி

1985 டிசம்பரில் 970 சி.சி. என்ஜினோடு வந்தது. 1996-இல் 1298 சி.சி. ஜிப்ஸி கிங், 2000-இல் 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. என்ஜின். 2018-19-இல் சந்தையை விட்டு விலகும் வரை பாடி பெரிதாக மாறவில்லை. வாங்குவதென்றால் எம்.பி.எஃப்.ஐ. கிங்கையே வாங்குங்கள். 970 சி.சி. வண்டி மலையில் நான்கு பேரோடு மூச்சுத் திணறும். கார்புரேட்டர் வண்டிகளில் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் டயஃப்ரத்தையும் அரிக்கும்.

இந்திய மோட்டார் பந்தயத்தில் இதற்கு உள்ள இடம் தனி. தெற்கில் 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையிலும் நடத்தியவை தரையோடு தாழ்ந்த, வேகமான கார்களின் பந்தயங்கள். மண்ணும் கல்லும் பனியுமான ரேலிகளோ ஜிப்ஸியின் களம். ஹரி சிங் தேசிய ரேலிகளில் ஓட்டியது, 1999-இல் தொடங்கிய ரெய்ட் டி ஹிமாலயாவில் சுரேஷ் ராணா உள்ளிட்டவர்கள் ஓட்டியது எல்லாம் இதுதான். காரணம் எளிது. சுமார் ஒரு டன் எடை, சுற்றுக்குப் பயப்படாத பெட்ரோல் என்ஜின், தனியாள் கைக்காசில் கட்டுப்படியாகும் உதிரி.

அதே எடைக் குறைவுதான் கரிசல் சேற்றிலும் மணலிலும் கைகொடுக்கிறது. காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, இரண்டாவது கியரில் நிறுத்தாமல் ஓட்டினால், கனமான டீசல் வண்டி அச்சு வரை புதையும் மணலில் ஜிப்ஸி மேலாகப் போய்விடும். தார் ரோட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காற்றை நிரப்ப வேண்டும்.

கல்பாதை ஏற்றத்தில் கதை மாறுகிறது. இந்த என்ஜின் சுற்று ஏறினால்தான் இழுக்கும், லோ கியர் விகிதமும் 2.268 மட்டுமே. புதிதாக ஓட்டுபவர்கள் ஏற்றத்தில் கிளட்ச்சைப் பாதி மிதித்தே சமாளிப்பார்கள், இரண்டு பயணத்தில் கிளட்ச் பிளேட் கருகும்.

துருதான் ஜிப்ஸியின் நோய். முன் ஃப்ளோர், கண்ணாடி ஃப்ரேமின் அடிப்பகுதி, பின் சக்கர வளைவு, பாடி மவுன்ட். மிதியடியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டுங்கள். கணீரென்றால் தகடு, மொத்தென்றால் பட்டி பூசிய ஓட்டை. ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் ஓடிய வண்டி என்றால் சேசிஸின் உள்பக்கம் வரை டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்து முன்சக்கர நக்கிள் உருண்டை. கருப்பு கிரீஸ் வழிந்து மண் அப்பியிருந்தால் சீல் போயிருக்கிறது. அதற்குள் தண்ணீர் புகுந்தால் சி.வி. ஜாயிண்ட்டும் போகும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று யாருக்கும் நினைவிருக்காது, வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

ரேலி ஓடிய ஜிப்ஸி மலிவாக வந்தால் மயங்க வேண்டாம். ரோல் கேஜ் அடித்த வண்டி ரோட்டுக்கு எஃப்.சி. காட்டச் சிரமப்படும். சேசிஸில் ஷாக் அப்சார்பர் மாட்டும் இடமும் ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டும் இடமும் வெல்டிங் போட்டுப் போட்டு மீண்டவையாக இருக்கும். ராணுவ ஏலத்து வண்டி நல்ல பேரம்தான், ஏலக் காகிதம் முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்து, உங்கள் ஆர்.டி.ஓ. அதை ஏற்றுப் பதிவு செய்தபின்.

மைலேஜ் லிட்டருக்கு 9, 10-ஐத் தாண்டாது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் நூறு லிட்டருக்கு மேல் பெட்ரோல். வாரக்கடைசியில் மட்டும் ஓட்டுபவருக்கு இது பொருட்டில்லை. முதன்முறை பழைய ஃபோர் வீல் வாங்குபவருக்கு, துருவில்லாத ஒன்று கிடைத்தால், என் முதல் தேர்வு ஜிப்ஸி கிங்தான்.

## முதல் தலைமுறை தார்

இதைக் கிளாசிக் என்று சொல்லச் சிலர் ஒப்ப மாட்டார்கள். ஆனால் முகமும் அளவும் பழைய ஜீப்புடையவை, 2019-20-இல் தார் அடுத்த தலைமுறைக்கு மாறியபின் அந்த உருவம் திரும்ப வரவில்லை. பழைய வகை டீசலான டி.ஐ. என்ஜின் வண்டியைத் தவிர்த்து சி.ஆர்.டி.இ.-யைப் பாருங்கள். 247 நியூட்டன் மீட்டர் இழுவை, ஏ.சி., பவர் ஸ்டீயரிங். மதுரை மே மாதத்தில் குடும்பத்தோடு போக நான்கில் இது ஒன்றுதான் நடைமுறைக்கு ஏற்றது.

முன்பக்கம் டார்ஷன் பார் என்பதால் பட்டை வண்டிபோல உயர்த்த முடியாது. அளவுக்கு மீறித் திருகி உயர்த்திய வண்டியில் சி.வி. பூட் கிழிந்திருக்கும், முன் டயர் உள்பக்கமாகத் தின்றிருக்கும். டீசலில் தண்ணீர் கலந்தால் இன்ஜெக்டர் செட் முழுக்கப் போகலாம். எம்.எம்.540-இன் நாசிலைப் பம்ப் பட்டறையில் சரிசெய்வதுபோல இதைச் சரிசெய்ய முடியாது. ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவதும் தண்ணீரை வடிப்பதும்தான் காப்பு. 2015-க்குப் பிந்தைய வண்டிகளில் பின் டிஃபரென்ஷியலுக்கு மெக்கானிக்கல் லாக் உண்டு. ஒரு சக்கரம் காற்றில் தொங்கும் கல்பாதையில் அதன் அருமை தெரியும், அதற்காகவே கொஞ்சம் கூடுதல் கொடுக்கலாம்.

## சி.ஜே.3பி, வில்லிஸ்

இதை ஓட்ட வாங்குவதில்லை, காப்பாற்ற வாங்குகிறோம். சி.ஜே.3பி-யின் பானட் உயரமாக இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஹரிகேன் என்ஜின். உள்ளிழுக்கும் வால்வு ஹெட்டிலும் வெளியேற்றும் வால்வு பிளாக்கிலும் இருப்பதால் பழைய வில்லிஸ் என்ஜினைவிட உயரம் கூடிவிட்டது. பானட்டையும் தூக்க வேண்டி வந்தது.

தாழ்ந்த பானட் வில்லிஸுக்கு விலை பல மடங்கு, அதனால் சி.ஜே. சேசிஸில் போலி பாடி வைப்பதும் அதிகம். போர்க்கால வண்டிக்கு முன் கிரில்லில் ஒன்பது துளை, சிவிலியன் சி.ஜே.-க்கு ஏழு. கிரில்லை மாற்றுவது எளிது என்பதால் அதோடு நிற்காமல் ரேடியேட்டருக்குக் கீழே சேசிஸின் முன் குறுக்குக் கம்பியைப் பாருங்கள். வில்லிஸ் எம்.பி.-யில் அது உருளைக் குழாய், ஃபோர்டில் கவிழ்த்த தொட்டி வடிவம். ஃபோர்டு பாகங்களிலும் போல்ட்டுகளிலும் எஃப் எழுத்து இருக்கும்.

பெட்ரோல் என்ஜினைக் கழற்றி டிராக்டர் டீசலோ பெஜோவோ வைத்த சி.ஜே.க்கள் ஏராளம். ஆர்.சி.யில் எரிபொருள் பெட்ரோல் என்றிருந்து உள்ளே டீசல் ஓடினால் புதுப்பிக்க முடியாது. மாற்றம் அன்றே ஆர்.சி.யில் ஏறியிருந்தால் பிரச்சினை இல்லை, ஆனால் சேகரிப்பு மதிப்பு போய்விடும்.

50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்கு 2021 ஜூலை விதிப்படி விண்டேஜ் பதிவு உண்டு. எண்ணில் வி.ஏ. என்று வரும், புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு ஓட்டம் என்று மட்டும்தான். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை விடலாம் என்று கணக்குப் போட்டு வாங்குபவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

## எதை வாங்கினாலும் முதல் ஓட்டத்தில்

நான்கிலும் நடு டிஃபரென்ஷியல் இல்லை. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால் முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் ஓடி, ஷாஃப்ட்டுகள் முறுக்கேறி, லீவர் திரும்ப வராது. பயந்து சுத்தியால் தட்டிக் கழற்றப் பார்க்கிறார்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து நாலைந்து அடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து லீவர் தானாகவே விடும். விற்பவர் இதை மண்தரையில் செய்துகாட்டட்டும்: ஃபோர் ஹை, ஃபோர் லோ, திரும்ப டூ வீல், ஒவ்வொன்றிலும் இருபது அடி முன்னே, இருபது அடி பின்னே. லோ கியரில் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது லீவர் தானாகத் துள்ளிக் கழன்றால், முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்தாக வேண்டும்.